சோதனைச்சாலை விலங்குகளும் அவற்றின் பராமரிப்பும்

(தோப்பும்படியில் நடைபெற்ற பயிற்சி வகுப்பொன்றில், மீன்வளத் துறை அலுவலர்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த உயிரியல் மாணவர்களுக்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



இன்று காலை நீங்கள் அனைவரும் இங்குள்ள மீன்பிடித் துறைமுகத்தைப் பார்வையிட்டீர்கள். குமரி மாவட்டத்துத் தூத்தூர்க் கரையிலிருந்து வந்து, ஆழ்கடலில் பல நாட்கள் தங்கி மீன் பிடிக்கும் நம் தொழிலாளர்களையும் அங்கே சந்தித்திருப்பீர்கள். மீன் இறங்குவதும், ஏலம் போவதும், பனிக்கட்டியிட்டு லாரியில் ஏற்றப்படுவதும் கண்ணுக்குத் தெரிகின்ற காரியங்கள். இவ்வாறு கரைக்கு வரும் கடல் உணவு மனிதன் உண்ணத்தக்கதுதானா என்று கண்டறியும் வேலை நமது பார்வைக்கு எட்டாத இடத்தில் நடைபெறுகிறது. நெடுங்காலம் அந்த வேலையின் ஒரு பகுதியை, 20 கிராம் எடையுள்ள ஒரு வெள்ளைச் சுண்டெலியே செய்துவந்தது. அந்தச் சுண்டெலியைப் பற்றியும் அதன் உறவினர்களைப் பற்றியும் பேசவே இங்கு வந்திருக்கிறேன்.

1981-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக் கடற்கரையில் மட்டி உண்ட 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், மூவர் மாண்டனர். 1983-ல் மங்களூர்ப் பகுதியிலும் இத்தகைய நச்சு தலைகாட்டியது. 1997-ல் இதே கேரளத்தின் தென்கோடியில், விழிஞ்ஞம் பகுதியில், பாறைகளில் ஒட்டி வளரும் பழுப்புநிறச் சிப்பியை உண்டவர்களில் ஏழு பேர் இறந்தனர். ஏறத்தாழ ஐந்நூறு பேர் சிகிச்சை பெற நேர்ந்தது. கடலில் சில காலங்களில் பெருகும் நுண்ணிய மிதவை உயிர்கள் ஒருவகை நஞ்சை உண்டாக்குகின்றன. சிப்பியும் மட்டியும் கடல்நீரை வடிகட்டி உண்பவை. ஆதலால் அந்நஞ்சு அவற்றின் தசையில் சேர்ந்துவிடுகிறது. சிப்பிக்கு அதனால் பெரிய கேடு இல்லை. அதை உண்பவனுக்கோ முதலில் உதடு மரத்துப்போகும். பின்னர் கைகால் தளரும். நஞ்சு மிகுந்தால் மூச்சு நின்றுவிடும். சமைப்பதால் இந்நஞ்சு அழிவதில்லை. சுவையிலும் மணத்திலும் வேறுபாடு தெரியாது. மாற்று மருந்தும் கிடையாது. மூச்சைச் செயற்கையாக நடத்தி, நஞ்சு உடலிலிருந்து வெளியேறும்வரை காத்திருப்பது ஒன்றே வழி.

இதைக் கண்டறியும் முறையை அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சோமர், மேயர் என்ற இரு அறிஞர்கள் 1937-ல் வெளியிட்டனர். சிப்பித் தசை 100 கிராம் எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, அந்தச் சாற்றில் ஒரு மில்லிலிட்டரைச் சுண்டெலியின் வயிற்றறையில் ஊசி மூலம் செலுத்துவார்கள். ஊசி போட்ட நொடியிலிருந்து கடைசி மூச்சுவரை எவ்வளவு நேரம் சென்றது என்பதே அளவு. 20 கிராம் எடையுள்ள சுண்டெலியைப் பதினைந்து நிமிடத்தில் கொல்லும் நஞ்சின் அளவு 'ஒரு சுண்டெலி அலகு' எனப்படும். 100 கிராம் தசையில் ஏறத்தாழ 400 அலகுகள், அதாவது 80 மைக்ரோகிராம் நஞ்சு இருந்தால் அந்தச் சரக்கை விற்கலாகாது என்பது பல நாடுகளில் நிலைபெற்ற வரம்பாயிற்று.

கொடுமையான முறை என்று உங்களில் சிலருடைய முகம் சொல்லுகிறது. நானும் அதை மறுக்கவில்லை. அதைப்பற்றிப் பின்னர் கூறுகிறேன். இப்போது நீங்கள் கவனிக்க வேண்டியது, இங்கே சுண்டெலி ஓர் அளவுகருவியாக நிற்கிறது என்பதை. கடைக்காரனுடைய படிக்கல் தேய்ந்திருந்தால் நிறுவை பிசகும் அல்லவா? சுண்டெலி 20 கிராமுக்குப் பதிலாக 26 கிராம் இருந்தால், அதே அளவு நஞ்சுக்கு அது கூடுதல் நேரம் உயிரோடிருக்கும். கணக்கில் நஞ்சு குறைவாகத் தெரியும். விற்கத்தகாத சிப்பி சந்தைக்குப் போய்விடும். இதனால்தான் 23 கிராமுக்கு மேற்பட்ட சுண்டெலியை இச்சோதனையில் பயன்படுத்தக் கூடாதென்று விதித்தார்கள். மாறாக, பட்டினி கிடந்த, நோயுற்ற சுண்டெலி விரைவில் மடியும். அப்போது நல்ல சரக்கு தள்ளப்பட்டு, உழைத்தவன் வயிற்றில் அடி விழும். ஆகவே, விலங்குக் கூடத்தில் நடக்கும் ஒரு சிறு அசட்டை, சோதனைச்சாலையின் கதவைத் தாண்டித் துறைமுகத்துக்கும் வீட்டுச் சமையலறைக்கும் போய்ச் சேருகிறது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். சுண்டெலியின் கர்ப்பகாலம் 19 முதல் 21 நாட்கள். பிறக்கும் குட்டி ஒரு கிராம்தான் இருக்கும். இருபத்தொரு நாளில் தாய்ப்பால் மறக்கும்போது பத்துப் பன்னிரண்டு கிராம். நான்கு அல்லது ஐந்து வாரத்தில்தான் நமக்கு வேண்டிய 20 கிராமை எட்டுகிறது. சில நாட்களிலேயே அதைக் கடந்தும் விடுகிறது. அதாவது, இன்று தேவைப்படும் சுண்டெலிக்கான இணைசேர்க்கை ஏறத்தாழ எட்டு வாரத்துக்கு முன்னரே நடந்திருக்க வேண்டும். கடல்நீர் நிறம் மாறுவது எட்டு வாரத்துக்கு முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு நடப்பதன்று. எனவே, தேவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. சிறிய அளவிலேனும் ஒரு கூட்டத்தை ஆண்டு முழுவதும் ஒரே சீராக வளர்த்துவர வேண்டும். திட்ட மதிப்பீடு தயாரிக்கும் அலுவலர்கள் நுண்ணோக்கிக்கும் குளிர்சாதனத்துக்கும் பணம் ஒதுக்குவார்கள்; தீவனத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கும் ஒதுக்குவது கடைசிப் பக்கத்துக்குப் போய்விடும். பல இடங்களில் நான் கண்டது இது.

தீவனம் என்றவுடன் ஒரு பழைய நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் ஜாவாத் தீவில் பெரிபெரி நோய்க்குக் காரணமான கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். 1889-ல் அவர் வளர்த்த கோழிகள் கால் தளர்ந்து விழலாயின. கிருமி ஊசி போட்ட கோழியும் விழுந்தது. போடாத கோழியும் விழுந்தது. சில மாதங்களில் நோய் தானாகவே மறைந்தது. விசாரித்ததில், இடைப்பட்ட காலத்தில் கோழிகளுக்கு இராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு போடப்பட்டது என்றும், புதிதாக வந்த சமையற்காரர் இராணுவச் சோற்றைக் கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டார் என்றும் தெரியவந்தது! அரிசியின் தவிட்டோடு போய்விட்ட ஏதோ ஒன்றுதான் நோய்க்குக் காரணம் என்ற உண்மைக்கு இதுவே வாசலாயிற்று. 1929-ல் ஐக்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சமையற்காரரைப் பற்றி உலகம் அதிகம் பேசுவதில்லை. விலங்கு என்ன உண்கிறது என்பதை அறியாமல் அதைக்கொண்டு நடத்தும் ஆராய்ச்சி எவ்வளவு தூரம் வழி தவறக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

நமது நாட்டிலேயே இந்தப் பாடம் நன்றாகக் கற்கப்பட்டது. நீலகிரிக் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், 1918-ல் இராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆராய்ச்சியே பின்னாளில் உணவூட்ட ஆராய்ச்சிச் சாலைகளாக வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்கு மாறி, 1969 முதல் தேசிய உணவூட்ட நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது. மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை வெள்ளை எலிகளின் குழுக்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி கொண்ட பஞ்சாபி உணவு பெற்ற எலிகள் சராசரி 235 கிராம் வரை வளர்ந்தன. அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவு பெற்றவை 155 கிராமில் நின்றன. நம்மவருக்குச் சற்று உறைக்கும் செய்திதான். ஆனால் அந்த 80 கிராம் வேறுபாட்டை நாம் நம்புவது எதனால்? ஏழு குழு எலிகளும் வயதிலும் கூண்டிலும் வெளிச்சத்திலும் துப்புரவிலும் ஒத்திருந்தன. உணவு ஒன்றே வேறுபட்டது. ஒரு குழுவின் கூண்டு மட்டும் ஈரமாக இருந்திருந்தால், எடைக் குறைவு உணவால் வந்ததா, ஈரத்தால் வந்ததா என்று யார் சொல்ல முடியும்? மெக்காரிசன் தம் இருப்புக் கூட்டத்து எலிகளைச் சுத்தமான கூண்டிலும், சூரிய ஒளியிலும், முளைகட்டிய கடலையும் பச்சைக் காய்கறியும் பாலும் கொடுத்தும் நோயின்றி வளர்த்ததைப் பெருமையோடு சொல்லுவார். அவருடைய புகழில் பாதி அந்தக் கூண்டுகளைத் துடைத்தவர்களுக்கு உரியது என்பது என் கருத்து.

இதே மரபில், 1976-ல் ஐதராபாத் நிறுவனத்தில் சோதனைச்சாலை விலங்குகளுக்கான தகவல் பணி மையம் ஒன்று தொடங்கப்பட்டது. நாடெங்கிலும் உள்ள ஆய்வகங்களுக்குத் தரமான விலங்குகளையும் தீவனத்தையும் பயிற்சியையும் அளிக்கும் பணி அதனால் உருப்பெற்றது. 1957-ல் தொடங்கப்பட்டு, இங்கே நமக்கு எதிரிலுள்ள வில்லிங்டன் தீவில் இயங்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்திலிருந்தும், மீன் எண்ணெய் போன்ற கடற்பொருள்களின் விளைவை எலிகளில் கண்டறிந்த ஆய்வுகள் வெளிவந்துள்ளன.

இனி, மாணவர்களுக்காக ஒவ்வொரு விலங்கின் இயல்பையும் கொஞ்சம் சொல்லுகிறேன்.

சுண்டெலியும் எலியும் இரவில் நடமாடுபவை. பகலில் அவை உறங்கும் நேரத்தில்தான் நாம் கூண்டைத் திறந்து தொல்லை தருகிறோம். பன்னிரண்டு மணி ஒளி, பன்னிரண்டு மணி இருள் என்ற முறை தவறினால் இனப்பெருக்கச் சக்கரமே குழம்பும். நம் காதுக்கு எட்டாத மிக நுண்ணிய ஒலிகள் அவற்றுக்குக் கேட்கும். ஒழுகும் குழாயும் சில மின்கருவிகளும் நமக்கு அமைதியாக இருக்கும்போதே அவற்றுக்கு இரைச்சலாக இருக்கக்கூடும். முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், கடித்துத் தேய்க்கக் கெட்டியான தீவனம் வேண்டும். மாவாகப் பிசைந்து போட்டால் பல் வளைந்து, தீவனம் எதிரிலிருக்கவே பட்டினியால் சாகும். எலியால் வாந்தி எடுக்க முடியாது. ஆகவே, கெட்டுப்போன தீவனம் ஒருமுறை உள்ளே சென்றால் சென்றதுதான். சுண்டெலியில் ஒரு விந்தை உண்டு. புதிதாகக் கருவுற்ற பெண்ணின் அருகில் வேறோர் ஆணை, அதன் மணம் எட்டும் தூரத்தில் வைத்தாலே கரு நிலைக்காமல் போகலாம். 1959-ல் ஹில்டா புரூஸ் என்ற அம்மையார் இதைக் கண்டறிந்தார். கூண்டுகளை இடம் மாற்றிவிட்டு, குட்டி ஈனவில்லையே என்று வருந்துவோர் இதை நினைவில் கொள்ளட்டும்.

சுண்டெலியை வாலைப் பற்றித் தூக்குவது தலைமுறைகளாக வந்த பழக்கம். நானும் அப்படித்தான் கற்றேன். அப்படித்தான் பலருக்குக் கற்றும் கொடுத்தேன். 2010-ல் இங்கிலாந்தில் செய்த ஆய்வு, வாலால் தூக்கப்பட்டவை அச்சம் மிகுந்து நடந்துகொள்வதையும், குவித்த உள்ளங்கையிலோ ஒரு சிறு குழாயிலோ ஏற்றி எடுத்தவை அவ்வாறு அஞ்சாததையும் காட்டிற்று. அச்சத்தில் இருக்கும் விலங்கின் நாடித்துடிப்பும் இரத்தத்திலுள்ள ஹார்மோன்களும் மாறிவிடுகின்றன. அளப்பவரோ அதை மருந்தின் விளைவு என்று எழுதிக்கொள்கிறார். கற்றதை மாற்றிக்கொள்ளச் சங்கடமாகத்தான் இருந்தது.

கினிப் பன்றி சாதுவானது, கடிப்பது அரிது. ஆனால் பராமரிப்பில் மிகவும் ஏமாற்றுவது இதுவே. மனிதனைப் போலவே இதன் உடலும் வைட்டமின் 'சி'யை உண்டாக்கிக்கொள்ளாது. தீவனத்தில் அது இல்லையென்றால் இரண்டு மூன்று வாரத்தில் மூட்டு வீங்கி, ஈறு கசிந்து, நடக்க மறுக்கும். எலிக்கான தீவனத்தையே இதற்கும் போட்டு இந்நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் உண்டு. அதற்கென்றே செய்த தீவனத்திலும் அந்த வைட்டமின் நாளடைவில் அழிகிறது. வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். ஆகவே, மூட்டையின் மேல் தயாரித்த தேதியைப் பாருங்கள். மூன்று மாதம் கடந்திருந்தால் நம்ப வேண்டாம். முட்டைக்கோசும் கொத்தமல்லித் தழையும் கொடுத்து வருவது நல்லது. கர்ப்பகாலம் இரண்டு மாதத்துக்கு மேல். குட்டி கண் திறந்து, மயிர் மூடி, ஓடும் நிலையிலேயே பிறக்கும். பெண்ணை ஆறேழு மாத வயதுக்குள் முதன்முறை இணைசேர்க்காவிட்டால், இடுப்பெலும்பு இறுகிப் பிரசவம் தடைப்படும். பெனிசிலின் இதற்கு ஆகாது. குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து இறந்துவிடும்.

முயலைக் காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், ஆயினும் தூக்குகிறார்கள். பின்பகுதியைத் தாங்காமல் எடுத்தால், அது உதைக்கும் வேகத்தில் அதன் முதுகெலும்பே முறியும். தாய் முயல் நாளுக்கு ஒருமுறை, சில நிமிடம் மட்டுமே பாலூட்டும். இதையறியாத ஊழியர்கள் தாய் குட்டியைக் கைவிட்டது என்று எண்ணிக் கூட்டைக் கலைத்துவிடுகிறார்கள். தன் மென்மையான புழுக்கையை அது உண்பதும் இயல்பே; நோயன்று.

இவை நூல்களிலும் கிடைக்கும். நூல்களில் கிடைக்காதது, இந்த ஊரின் மழைக்காலம். குளிர்நாட்டில் எழுதிய கையேடுகள் அறையைச் சூடாக்குவதைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்லும். நமக்குத் தொல்லை வெப்பமும் ஈரமும். நம் நாட்டு வழிகாட்டு நெறிகள் வெப்பம் 18 முதல் 29 டிகிரி வரையும், ஈரப்பதம் 30 முதல் 70 விழுக்காடு வரையும் இருக்கலாம் என்கின்றன. இடவப்பாதியில் கொச்சியின் ஈரப்பதம் 70 விழுக்காட்டைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். கூண்டின் படுகையாக இட்ட உமியும் மரச்சீவலும் உலராது. சிறுநீரிலிருந்து அம்மோனியா எழும். கூண்டு தரையில் இருக்கிறது, நம் மூக்கு ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. நமக்கு இலேசாக மணக்கும்போதே எலியின் நுரையீரல் அதைத் தாங்க முடியாத நிலையில் இருக்கும். வாரம் இருமுறை படுகை மாற்றுவது வழக்கமானால், மழைக்காலத்தில் மும்முறை மாற்றுங்கள்.

தீவனத்தில் பூஞ்சை பிடிப்பது இன்னும் அபாயம். கடலைப் பிண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் வளரும் பூஞ்சையின் அஃப்ளாடாக்சின் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். ஒரு சோதனைச்சாலையில் நான் கண்டது: தீவன மூட்டைகளைச் சுவரை ஒட்டித் தரையிலேயே அடுக்கியிருந்தார்கள். அடி மூட்டைகள் ஈரம் உறிஞ்சிப் பசுமை படர்ந்திருந்தன. ஆறு மாதமாகக் கல்லீரல் மருந்தொன்றைச் சோதித்துக்கொண்டிருந்தவர், மருந்து கொடுக்காத எலிகளின் கல்லீரலும் பழுதுபட்டிருப்பது கண்டு திகைத்தார். ஆறு மாத உழைப்பும், அத்தனை எலிகளின் உயிரும் வீணாயின. ஒரு மரப்பலகையை அடியில் போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருந்தால் போதும்.

துறைமுக ஊர்களுக்கு இன்னொரு பகை உண்டு. வெளியிலிருந்து வரும் காட்டெலி. மீன் கழிவும் தானிய மூட்டையும் உள்ள இடத்தில் அது இல்லாமல் இராது. அதன் சிறுநீர் வழியே பரவும் லெப்டோஸ்பைரா கிருமியால் வரும் எலிக்காய்ச்சல், கேரளத்தில் மழைதோறும் உயிர்களைக் கொள்ளைகொள்ளும் நோய். விலங்குக் கூடத்துக்குள் ஒரு காட்டெலி புகுந்தால், கூண்டிலிருப்பவற்றுக்கு நோய் வரும். அங்கிருந்து கூண்டைக் கழுவும் ஊழியருக்கு வரும். ஆகவே, வடிகால் வாய்க்குக் கம்பிவலை, கதவடியில் தகட்டுத் தடுப்பு, ஊழியருக்குக் கையுறையும் காலணியும் வேண்டும். கையுறை வாங்க மூன்று விலைப்புள்ளி கேட்டு மூன்று மாதம் காத்திருக்கும் அலுவலகங்களும் உண்டு. மழை அதற்காகக் காத்திருப்பதில்லை.

இப்போது, முன்னர் தள்ளிவைத்த கேள்விக்கு வருகிறேன். இந்த உயிர்களை இவ்வாறு பயன்படுத்தலாமா? நமது நாடாளுமன்றம் 1960-ல் இயற்றிய விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், சோதனைகளை அடியோடு தடை செய்யவில்லை. தேவையற்ற வேதனையைத் தடுக்கவும் மேற்பார்வையிடவும் ஒரு குழுவை அமைக்க வழி செய்தது. 1998-ஆம் ஆண்டு விதிகளின்படி, விலங்கு வளர்க்கும், சோதனை செய்யும் நிறுவனங்கள் பதிவு பெற வேண்டும். ஒவ்வொரு ஆய்வும் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் 1959-ல் வகுத்த நெறி இன்று உலகெங்கும் ஏற்கப்பட்டுள்ளது: விலங்கில்லாமல் முடியுமானால் விலங்கை விடு, முடியாதெனில் எண்ணிக்கையைக் குறை, அதுவும் முடிந்தபின் வேதனையைக் குறை. கல்லூரி விலங்கியல் வகுப்புகளில் விலங்கை அறுத்துப் பார்க்கும் பழக்கத்தை 2014-ல் பல்கலைக்கழக மானியக் குழு விலக்கியது. உங்களில் பலர் தவளையையே அறுத்திருக்க மாட்டீர்கள்.

நான் தொடங்கிய சிப்பிச் சோதனையிலும் காலம் மாறிவிட்டது. நஞ்சை இரசாயன முறையில் பிரித்து அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் அத்தகைய முறையையே இந்நஞ்சுக்கான ஆதார முறையாகக் கொண்டது. முயலுக்கு ஊசி போட்டுக் காய்ச்சல் வருகிறதா என்று பார்த்த மருந்துச் சோதனையில் பெரும்பகுதியைக் குதிரைலாட நண்டின் இரத்தத்திலிருந்து எடுக்கும் பொருள் ஏற்றுக்கொண்டது. அந்த நண்டு ஒடிசாக் கடற்கரையிலும் வாழ்கிறது. முயலைக் காத்தோம், நண்டின் தலையில் பாரத்தை ஏற்றினோம் என்று ஒருவர் கேட்டால், அதிலும் நியாயமுண்டு; அந்த இரத்தம் வேண்டாத செயற்கைப் பொருளும் இப்போது வந்துவிட்டது. எனினும், விலங்கே இல்லாத சோதனைச்சாலை நாளையே வந்துவிடும் என்று நான் சொல்லத் துணியேன். மாற்று முறை வரும்வரை கூண்டில் ஓர் உயிர் இருக்கிறது. அது பயனின்றிச் சாவது, பயனோடு சாவதைவிடக் கொடிது. பராமரிப்புக் கெட்ட கூட்டத்தில் செய்த சோதனையை மீண்டும் செய்ய வேண்டியிருக்கும். இரட்டிப்பு உயிர்கள் போகும்.

கடைசியாக அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலங்குப் பராமரிப்பாளர் என்ற பணியிடத்தைக் கடைநிலை வேலையாக எண்ணி, வேறெங்கும் ஒத்துவராதவரை அங்கு அனுப்பாதீர்கள். எந்த எலி நேற்று தண்ணீர் குறைவாகக் குடித்தது, எது மயிர் சிலிர்த்து மூலையில் ஒடுங்கியது என்பது ஆராய்ச்சியாளரைவிட அவருக்கே முதலில் தெரியும். அவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். தேதி, அறையின் வெப்பம், ஈரப்பதம், தீவனம் வந்த நாள், இறந்தவை, பிறந்தவை, அவர் கண்ணில் பட்ட புதுமை ஆகியவற்றை அவருடைய மொழியிலேயே எழுதட்டும். வாரம் ஒருமுறை அதை நீங்கள் படித்துக் கையெழுத்திடுங்கள். இங்கு பயிற்சி முடிந்து ஊர் திரும்பியதும், உங்கள் விலங்குக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்ப் புட்டியை நிரப்புபவர் யார் என்று முதலில் விசாரியுங்கள். பதில் உடனே கிடைக்காவிட்டால், அங்கிருந்து தொடங்கலாம்.